ஒரே தேதியில் மறைந்த புகழ்பெற்ற கலைஞர்கள் யார் யார்? அதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

கேள்வியின் விளக்கத்தில் 'ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒன்றாக இறந்ததுபோல' என்று எழுதியிருக்கிறீர்கள் (செர்வாண்டிஸ் 'டான் குயிக்சாட்' எழுதிய ஸ்பெயின்காரர்). அந்த உதாரணம் தப்பு என்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். வாட்சப்பில் இந்தத் தகவல் சுற்றாத ஏப்ரல் மாதமே கிடையாது.

ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. 1616-ல் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். அதாவது ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, மாட்ரிட்காரர்களுக்கு மே 3. செர்வாண்டிஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர் உயிர் பிரிந்தது ஏப்ரல் 22. மாதா கோயில் பதிவேட்டில் ஏறியது அடக்கம் நடந்த 23. ஆக ஒரே தேதியும் இல்லை, ஒரே நாளும் இல்லை. யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக வைத்திருப்பது அடையாளத்துக்காக. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரல் 23-க்கே ஜோடி வேண்டுமென்றால் சத்யஜித் ராய் (1992, கல்கத்தா), பின்னணிப் பாடகி ஷம்ஷாத் பேகம் (2013, மும்பை) இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாட்காட்டி, ஒரே கடிகாரம், வம்பில்லை.

நீங்கள் ஒரு காணொளிக்கோ 'இன்றைய நாளில்' பகுதிக்கோ பட்டியல் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நம்மூர் ஆட்களிலிருந்தே தொடங்கலாம். ஜூலை 14: மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 2015-ல். அவர் இசையில் எத்தனையோ பாட்டுகளுக்குத் திரையில் வாயசைத்த பி. சரோஜாதேவி, சரியாகப் பத்து ஆண்டு கழித்து 2025-ல் அதே ஜூலை 14. இந்தி இசையமைப்பாளர் மதன் மோகனும் அதே தேதிதான், 1975. டிசம்பர் 24: எம்.ஜி.ஆர். 1987, அவருடன் ஐம்பதுகளில் ஜோடியாக நடித்த பி. பானுமதி 2005. (பெரியாரும் டிசம்பர் 24 தானே, 1973-ல், என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும். கலைஞர்களை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.) ஜூலை 21: சிவாஜி கணேசன் 2001, இந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கல் 2009. பிப்ரவரி 6: சியாமா சாஸ்திரி 1827, லதா மங்கேஷ்கர் 2022.

இனி சிக்கலானவை. டிசம்பர் 11 என்று ஒரு ஜோடி எல்லாப் பட்டியலிலும் இருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி, 2004, சென்னை. பண்டிட் ரவிசங்கர், 2012, அமெரிக்காவின் சான் டியாகோ அருகே லா ஹோயா மருத்துவமனை. ரவிசங்கர் இறந்தபோது அங்கே மாலை நாலரை மணி சுமார். குளிர்காலத்தில் கலிஃபோர்னியா நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: இந்தியாவில் அப்போது டிசம்பர் 12, காலை ஆறு. அன்றைய இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்தவர் 12 என்பார், அமெரிக்கச் சான்றிதழைப் பார்த்தவர் 11 என்பார். இரண்டும் சரிதான். ஆனால் பட்டியலுக்கு ஒரு விதி வேண்டும். உலகம் முழுக்கப் பின்பற்றும் விதி, இறந்த ஊரின் உள்ளூர்த் தேதி. அதன்படி ரவிசங்கருக்கு 11 நிற்கிறது, ஜோடியும் நிற்கிறது.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜூன் 25 நல்ல சாட்சி. நடிகை ஃபாரா ஃபாசெட் சான்டா மோனிகாவில் காலை 9.28-க்கு இறந்தார். மைக்கேல் ஜாக்சன் இறந்துவிட்டதாக லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை அறிவித்த நேரம் பிற்பகல் 2.26. ஐந்து மணி நேர இடைவெளி, பக்கத்துப் பக்கத்து ஊர். கோடைக் கணக்கில் நமக்கும் அவர்களுக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம் என்பதால், இந்திய நேரத்தில் ஃபாசெட் ஜூன் 25 இரவு 9.58, ஜாக்சன் ஜூன் 26 அதிகாலை 2.56! இந்தியக் கடிகாரத்தை வைத்தால் 'ஒரே நாள்' உடைந்துவிடும். கலிஃபோர்னியா மரணங்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: குளிர்காலத்தில் அங்கே காலை 10.30-க்குப் பிறகு, கோடையில் காலை 11.30-க்குப் பிறகு என்றால் இங்கே தேதி மாறியிருக்கும். தமிழ்ச் செய்திகளில் அமெரிக்க மரணங்கள் ஒருநாள் தள்ளி இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நள்ளிரவு மரணங்கள் இதைவிட மோசம். 'வெள்ளிக்கிழமை இரவு 12.30 மணிக்குக் காலமானார்' என்று எழுதினால் நாம் எல்லோரும் வெள்ளி இரவு என்றுதான் புரிந்துகொள்வோம். ஆனால் தேதிப்படி அது சனிக்கிழமை. பாரதியார் விஷயத்தில் நடந்தது இதுவே. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி சுமாருக்கு உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் 12. விடிந்தால்தான் மறுநாள் என்கிற நம் வீட்டு வழக்கில் 11. தமிழக அரசு நினைவு நாளை 11-ல் கடைப்பிடிக்கிறது. இங்கே யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. எந்தக் கணக்கு என்று பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

வெளியூரிலும் இதே கதைதான். ஜூலை 28-க்கு ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் விவால்டியும் (1741, வியன்னா) பாக்கும் (1750, லைப்ஸிக்) ஒன்றாக வருவார்கள். விவால்டியின் கச்சேரிப் படைப்புகளைத் தன் வாத்தியத்துக்கு மாற்றி எழுதிப் பார்த்தவர் பாக், அதனால் இது எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி. ஆனால் விவால்டி இறந்தது 27-க்கும் 28-க்கும் இடைப்பட்ட இரவு. 28 அன்றே அடக்கமும் முடிந்துவிட்டது. நாட்காட்டிச் சிக்கல் இதில் இல்லை, இரண்டு ஊரும் அதற்குள் புதுக் கணக்குக்கு வந்துவிட்டன. 'ஜூலை 27/28 இரவு' என்று எழுதிவிட்டு ஜோடியை வைத்துக்கொள்ளலாம். ரஷ்யர்களிடம் மட்டும் எச்சரிக்கை. அவர்கள் 1918-ல்தான் மாறினார்கள். இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி 1893 நவம்பர் 6, பழைய கணக்கில் அக்டோபர் 25. இரண்டு தேதியும் புத்தகங்களில் உலவுகின்றன. வித்தியாசம் 1700-களில் 11 நாள், 1800-களில் 12, 1900-க்குப் பின் 13.

நம் மரபில் தேதியே கிடையாது, திதிதான். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் திதி) அன்று. அது ஒரு வருடம் ஜனவரி தொடக்கத்தில் வரும், ஒரு வருடம் மாதக் கடைசிக்குப் போகும். முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் தீபாவளி நாளில் மறைந்தார், 1835-ல். ஆகவே 'தீட்சிதர் நினைவு நாள்' என்று இவ்வருடத்துத் தீபாவளித் தேதியைக் கண்டெடுத்து ஒரு ஜோடி சேர்க்காதீர்கள், அடுத்த வருடம் அது ஓடிப்போய்விடும். கட்டாயம் வேண்டுமென்றால் 1835-ம் ஆண்டுத் தீபாவளியின் தேதியைத்தான் எடுக்க வேண்டும். அது அக்டோபர் 21.

மதிப்பீட்டுத் தேதிகள் வேறு வகை. ராக் இசையில் ஏப்ரல் 5 என்றால் இரண்டு பேர்: நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், 1994, ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் லேன் ஸ்டேலி, 2002. இருவருமே சியாட்டில். கோபேனின் உடல் கிடைத்தது ஏப்ரல் 8, ஸ்டேலியின் உடல் கிடைத்தது ஏப்ரல் 19. 'ஏப்ரல் 5' என்பது இரண்டு பேருக்கும் பிரேதப் பரிசோதனைக்குப் பின் சொல்லப்பட்ட மதிப்பீடு. இதை 'அமானுஷ்யம்' என்று தலைப்பிட்டு விற்பவர்கள் 'மதிப்பீடு' என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் – எழுத்தாளர் ஜான் கோக்தோ ஜோடியும் இப்படித்தான். கோக்தோ 1963 அக்டோபர் 11. பியாஃப் தெற்கு பிரான்சில் அக்டோபர் 10 அன்றே இறந்துவிட்டார். உடலை இரவோடிரவாகப் பாரிசுக்குக் கொண்டுவந்து, அங்கே 11-ல் இறந்ததாக அறிவித்தார்கள். காகிதத்தில் ஒரே நாள், நடந்தது வேறு நாள்.

ஒரே ஆண்டு ஒரே நாள் என்பது அபூர்வம். சுத்தமான உதாரணம் 2007 ஜூலை 30, இரண்டு திரைப்பட இயக்குநர்கள்: இங்மர் பெர்க்மன் (89 வயது, ஃபோரோ தீவு), மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி (94, ரோம்). இன்னொன்று 1953 மார்ச் 5: இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் இறந்த அதே இரவில் ஸ்டாலின். புரோகோஃபியெவின் வீடு மாஸ்கோ செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில், தெரு முழுக்க ஸ்டாலினுக்காகக் கூட்டம், உடலை வெளியே எடுக்கவே முடியவில்லை. சோவியத் இசைப் பத்திரிகையில் அவர் மரணச் செய்தி 116-ம் பக்கம், முன்னால் 115 பக்கமும் ஸ்டாலின். இப்படிப் பெரிய மரணத்தின் நிழலில் விழுந்தவர்களுக்குச் செய்தித்தாள் தேதியை நம்பவே கூடாது, செய்தி பல நாள் தள்ளி வரும். 1959 பிப்ரவரி 3-ஐ (ராக் பாடகர்கள் படி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர்) இந்த வகையில் சேர்க்காதீர்கள். மூவரும் ஐயோவாவில் ஒரே விமான விபத்தில் இறந்தார்கள். அது தற்செயல் அல்ல, விபத்து.

சரிபார்க்கும் முறை: விக்கிப்பீடியாவோடு இணைந்த தரவுத்தளமான விக்கித்தரவிலிருந்து மொத்தமாக எடுக்கிறீர்கள் என்றால், அங்கே இறந்த தேதிக்கான குறியீடு பி570 (P570), இறந்த இடத்துக்கு பி20 (P20). தேதியோடு துல்லிய எண்ணையும் சேர்த்து எடுங்கள். 11 என்றால் நாள் வரை தெரியும், 10 மாதம் வரை, 9 வருடம் மட்டும். இந்த வடிகட்டியைப் போடாவிட்டால் வருடம் மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஜனவரி 1-ல் வந்து குவிவார்கள். 'ஜனவரி 1-ல் மட்டும் ஏன் இத்தனை மரணம்' என்று காணொளி போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: விக்கித்தரவுப் பக்கத்தில் ஜூலியன் தேதியாகத் தெரிவதை, மொத்தமாகத் தேடி எடுக்க உதவும் அதன் வினவல் சேவை கிரிகோரியனாக மாற்றித் தரும். ஷேக்ஸ்பியர் அங்கே மே 3-ல் இருப்பார். பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தித்தாளாவது பார்க்க வேண்டும். 12-ம் தேதிக் காலைப் பதிப்பில் 'நேற்று' என்றால் 11. மாலைப் பதிப்பில் 'இன்று காலை' என்றால் அதே நாள். கிழமை கொடுத்திருந்தால் நாட்காட்டியோடு பொருத்துங்கள்: 2004 டிசம்பர் 11 சனி, 2012 டிசம்பர் 11 செவ்வாய். பொருந்தாவிட்டால் தேதியைவிடக் கிழமையை நம்புங்கள். கிழமை நிருபரின் நினைவிலிருந்து வருகிறது, தேதி பெரும்பாலும் தட்டச்சில் தவறுகிறது.

அர்த்தம் உண்டா என்ற கேள்விக்கு: இல்லை. 23 பேரை எடுத்தாலே அதில் ஏதோ இரண்டு பேர் ஒரே தேதியில் விழும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டுகிறது. 57 பேர் என்றால் 99. உங்கள் பட்டியலில் ஆயிரம் கலைஞர்கள் இருந்தால் ஜோடி கிடைக்காமலிருந்தால்தான் அதிசயம். எண் கணித அன்பர்கள் கோபிக்க வேண்டாம், எம்.எஸ்.வி. – சரோஜாதேவி ஜோடியைப் பார்த்தால் எனக்கும் ஒரு கணம் சிலிர்க்கத்தான் செய்கிறது. அதற்காக அதை விதி என்று எழுத முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியதெல்லாம் நட்சத்திரங்களும் மேதைகளும். அதே பாட்டுகளில் தவில், ஷெனாய், தபலா வாசித்தவர்கள், கோரஸ் பாடியவர்கள் எப்போது இறந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வருடமே கிடைக்காது. எங்கள் தெரு முனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்கூடத் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியும் இருக்கிறது. நாற்பது வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவருக்கு அதுவும் இல்லை. இணையச் செய்தித் தளங்கள் 'நேற்று காலமானார்' என்று போட்டுவிட்டு, வெளியிட்ட தேதியை எடுத்துவிட்டு 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று வேறு தேதியைக் காட்டுகின்றன. பத்து வருடம் கழித்து எந்த நேற்று என்று யாரைக் கேட்பது?

பின்னூட்டத்தில் ஜோடி சேர்க்க விரும்புகிறவர்கள் இறந்த ஊரையும், தெரிந்தால் மணியையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் தேதி மட்டும் போட்டால் பதிலில் சேர்க்க மாட்டேன்.