கேள்வி - பதில்: அந்த ஆசை அப்போதா, இப்போதா?

கேள்வி: மியான்மரின் யாங்கோன் நகரில், லத்தா பகுதியில், மாண்டரின் பேசும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தொழில், கனவு பற்றிய ஒலிப்பதிவைக் கேட்கும்போது, பேசுபவரின் சிறுவயது ஆசையையே இன்றைய ஆசை என்று எழுதிவிடுகிறார்கள். என்ன செய்ய?
- வாசகி, யாங்கோன்

பதில்: மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை, 'ட்', 'த்' என்று சொல் முடிவதும் இல்லை. அதனால் 'வாண்டட் டு பி எ பைலட்' என்றால், இறந்தகாலத்தைக் காட்டும் நடுவிலுள்ள 'டட்' காதில் நழுவி, இன்றைய ஆசையைச் சொல்லும் 'வாண்ட் டு' போலக் கேட்டுவிடும். பிள்ளைகள் மீது குற்றமில்லை.

ஒரு நிமிடப் பதிவு போதும். முதல்முறை யார், என்ன தொழில் என்று மட்டும் குறிக்கட்டும். இரண்டாம் முறை 'வென் ஐ வாஸ் லிட்டில்', 'பட் நவ்' வரும் இடங்களில் கை தூக்கட்டும். திருப்பம் அங்கேதான். எழுத்துப்பிரதியை மூன்றாம் முறைதான் கொடுங்கள். முன்பே கொடுத்தால் வாசிப்பார்கள், கேட்கமாட்டார்கள். வேகத்தைக் குறைக்காமல், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள்.