வாடகை வல்லத்தில் சூடு ஏறுது, ஆயில் பிரஷர் இறங்குது: மீட்டர் கோளாறா?

மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) கொஞ்ச நேரம் ஓடியதுமே டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஆயில் பிரஷர் இறங்குகிறது, சம்மாட்டி (படகு முதலாளி) "மீட்டர் பழசு, கண்டுக்காதீங்க" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். ஒரு மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டினால் அவர் சொல்வது சரியாக இருக்கவும் கூடும், ஆனால் சூட்டில் ஆயில் இளகினால் பிரஷர் இறங்கும், இரண்டு முள்ளும் சேர்ந்து நகர்கிறது என்றால் இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) கடல்புல் அதிகம், இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் உறிஞ்சும் வாயில் போய் அடைத்துக்கொள்ளும், அதனால் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம் பம்பின் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரைப் பாருங்கள், அதன் இதழ் பிய்ந்திருந்தால் அந்தத் துண்டையும் தேடி எடுக்க வேண்டும், உள்ளே குழாயில் எங்காவது சிக்கியிருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது தண்ணீர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள், பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வல்லத்தை எடுக்கவே வேண்டாம்.

மீட்டர்தான் கோளாறு என்றால் சம்மாட்டியே புது சென்சார் போட்டு ஓட்டிக் காட்டட்டும். அதுவரை வாடகைப் பணம் போகிறதே என்று கடலுக்குள் போகாதீர்கள்.