பாட்டு கேட்கப் போன இடத்தில் பாட்டு கேட்கவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரு, புதுச்சேரி, சென்னை என்று மேடை போட்டு நேரலை இசை நடத்தும் பார்கள் புதிது புதிதாகத் திறக்கின்றன. அங்கே போகிறவர்களும் வாசிக்கிறவர்களும் இடம் நடத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, மேடை ஒலியமைப்பு தெரிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

கே: எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த பாருக்குச் சனிக்கிழமை இரவு நண்பர்களோடு போனோம். மேடைக்கு நேர் முன்னால் மேசை கேட்டு வாங்கி உட்கார்ந்தோம். டிரம்ஸ் மண்டையைப் பிளந்தது. பாடியவரின் ஒரு வரிகூடப் புரியவில்லை. சவுண்ட்காரர் சரியில்லையா, இடம் சரியில்லையா?
– வாசகர், இந்திராநகர், பெங்களூரு

ப: பெரும்பாலும் இடம்தான். சின்ன ஹாலில் டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் மைக்கே தேவையில்லை. மேடையிலிருந்து நேராகவே உங்கள் காதுக்கு வந்துவிடும். பாடகரின் குரல் அப்படியல்ல. அது இரு ஓரத்திலும் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஸ்பீக்கர்கள் பல இடங்களில் சுமார் 90 டிகிரி அகலத்துக்குத்தான் தெளிவாக ஒலிபரப்பும். முன்வரிசை நடு மேசை அந்தக் கோணத்துக்கு வெளியே விழுகிறது. குரல் உங்களைத் தாண்டிப் பின்னால் இருப்பவர்களுக்குப் போகிறது, டிரம்ஸ் உங்களுக்கு வருகிறது.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பின்னால் தள்ளி, நடுக்கோட்டை ஒட்டி உட்காருங்கள். சவுண்ட்காரர் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் பலகை ஹாலுக்குள்ளேயே இருந்தால் அதன் பக்கத்து மேசையைக் கேளுங்கள். அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மூலைகளையும், பின்சுவரில் முதுகு சாய்க்கும் சோஃபாக்களையும் தவிர்த்துவிடுங்கள். சுவர் ஓரத்தில் பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சுரம், தேங்கிக் குரலை மூடிவிடும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 7 மீட்டர் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். 49 ஹெர்ட்ஸ் சுரம், அதாவது பேஸ் கிட்டாரின் அடிப்பக்கச் சுரங்களில் ஒன்று, அந்த இரண்டு சுவர்களிலும் நட்டநடுவிலும் வீங்கிக் கேட்கும். சுவரிலிருந்து 1.75 மீட்டரில் அதே சுரம் ஏறக்குறையக் காணாமல் போகும். அதனால் ஒரு மேசை தள்ளி உட்கார்ந்தாலே பாட்டு வேறாகக் கேட்கும். குழப்பமாகக் கேட்கிறதே என்று பில்லைக் கேட்பதற்கு முன்னால், எழுந்து நாலடி நடந்து பாருங்கள்.

முதல் இரண்டு மூன்று பாட்டை வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிடாதீர்கள். சாயங்காலம் காலி ஹாலில் செய்த சவுண்ட்செக், ஆள் நிறைந்ததும் செல்லாது. உடம்பும் துணியும் மேல் சுரங்களை உறிஞ்சிவிடும். நல்ல சவுண்ட்காரர் அந்த முதல் பாட்டுகளில்தான் அதைச் சரிசெய்வார். நாலாவது பாட்டிலும் குரல் எழவில்லை என்றால், இடைவேளையில் அவரிடமே போய், “குரல் கொஞ்சம் மேல வேணும்” என்று சொல்லுங்கள். “சவுண்டு கூட்டுங்க” என்று மட்டும் சொன்னால் எல்லாமே சேர்ந்து ஏறும், குரல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கே: நாங்கள் நாலு பேர் கொண்ட பேண்ட். புதிய இடம் ஒன்றில் மாதம் இருமுறை வாசிக்கிறோம். பாட ஆரம்பித்ததும் விசில் அடிக்கிறது. சவுண்ட்காரர் குரலைக் குறைக்கிறார், எனக்கு என் குரலே கேட்பதில்லை.
– வாசகி, கோரமங்களா, பெங்களூரு

ப: மானிட்டரில், அதாவது பாடுகிறவரைப் பார்த்து மேடையில் வைத்திருக்கும் ஸ்பீக்கரில், வரும் உங்கள் குரலை மைக் மறுபடி வாங்கி, திரும்ப மானிட்டருக்கே அனுப்புகிறது. அந்தச் சுற்றுதான் விசில். இதற்கு மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் உங்கள் கை. மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால், பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும் அதன் குணமே போய்விடும். எல்லாப் பக்கத்தையும் வாங்க ஆரம்பிக்கும். தண்டைப் பிடியுங்கள். உதட்டுக்கும் வலைக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அதை ஈடுகட்ட சவுண்ட்காரர் கூட்டுவார், விசில் வரும்.

அடுத்தது மானிட்டர் இருக்கும் இடம். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) மைக் நேர் பின்னால் வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும். ஆகவே மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேராக இருக்கவேண்டும். அதே நிறுவனத்தின் பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு, முன்பக்கத்தை இன்னும் குறுகலாக வாங்கும் வகை. அது மிகக் குறைவாக வாங்குவது பக்கவாட்டில் சற்றுப் பின்னால், மைக்கின் முகத்திலிருந்து சுமார் 120 டிகிரியில். நேர் பின்னால் வைத்தால் அதுவும் கொஞ்சம் வாங்கும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது பல மேடைகளில் நடக்கிறது.

பாடாதவர்களின் மைக்கை மூடச் சொல்லுங்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், விசில் வராமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போகிறது. நாலு மைக்கை ஒன்றாக்கினால் 6 டெசிபல் கையில் வரும். குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மேடை அதிர்வும் உள்ளே வராது.

இவ்வளவு செய்தும் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் குற்றம் மேடைச் சத்தத்தில் இருக்கிறது. கிட்டார்காரரின் ஆம்ப்ளிஃபயர் தரையில் நின்று அவருடைய முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஏற்றிக்கொண்டே போவார். அதை ஒரு ஸ்டூலில் தூக்கி அவர் காதுப் பக்கம் சாய்த்து வையுங்கள், தானே குறைப்பார். அறுபது எழுபது பேர் உட்காரும் இடத்தில் டிரம்மர் கட்டைக்குச்சியை விட்டு பிரஷ் அல்லது மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்குச்சிகளுக்கு மாறுவது பேண்டுக்கே லாபம். இதைச் சொன்னால் டிரம்மர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் குரல் கேட்காத பேண்டை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை.

கே: அப்படி ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலைவரை காதில் ‘ங்கொய்ங்’ சத்தம். இது ஆபத்தா?
– வாசகர், மதுரை

ப: காது அடைத்தாற்போல் இருப்பதும் ரீங்காரமும் உள்காதின் மயிர்ச்செல்கள் களைத்துவிட்டதற்கு அடையாளம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். ஆனால் திரும்பத் திரும்ப இப்படி ஆனால் சில செல்கள் மீளாது, செத்தவை மறுபடி முளைப்பதில்லை. இரண்டு நாள் ஆகியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றே போகவேண்டும். அதற்கான சிகிச்சை நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி: 94-ல் 1 மணி, 100-ல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசைக்கூடங்களுக்குச் சொன்ன உச்ச அளவும் சராசரி 100 டெசிபல்தான். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காதீர்கள். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான் போதும், ஆனால் போடுகிற முறை முக்கியம்: விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கவேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. பாட்டு மந்தமாகக் கேட்கிறது என்பவர்கள், எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பானை வாங்கலாம். அது 15 டெசிபல் குறைத்தால் 100 என்பது 85 ஆகும். 15 நிமிடம் 8 மணி நேரமாகும்.

கே: புதுச்சேரியில் சின்ன மியூசிக் பார் திறந்திருக்கிறேன். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியும் பக்கத்து வீட்டார் பேஸ் அதிர்கிறது என்று புகார் கொடுக்கிறார்கள். மீட்டரில் பார்த்தால் விதிக்குள்தான் இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

ப: ஃபோம் உள்ளே எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தை அது தடுக்காது. ஒரு அங்குல ஃபோமுக்கு பேஸ் தட்டுப்படவே படாது. அதைவிடப் பெரிய கவலை தீ. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு நைட் கிளப்பில், மேடை வாணவேடிக்கையில் சுவர் ஃபோம் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013-ல் பிரேசிலின் சாந்தா மரியாவில் அதே மாதிரி 242 பேர். முதலில் அந்த ஃபோமைக் கழற்றுங்கள். 50 மி.மீ. ராக்வூல் எனும் பாறைநார்ப் பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி மாட்டுங்கள். ராக்வூல் எரியாது, போர்த்தும் துணியும் தீத்தடுப்புத் துணியாக இருக்கட்டும்.

மீட்டர் சொல்வதையும் பக்கத்து வீட்டார் சொல்வதையும் இரண்டையுமே நம்புங்கள். விதிகள் கேட்கும் ‘டெசிபல் ஏ’ அளவு 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துத்தான் எண்ணும். எண்ணிக்கை தேறும், படுக்கையறை ஜன்னல் அதிரும். அதே மீட்டரை, பேஸை ஏறக்குறைய முழுதாக எண்ணும் ‘சி’ அளவுக்கு மாற்றி அவர்கள் வாசலில் நின்று பாருங்கள்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும்; ஓட்டை கதவில். கதவுக்கடியில் 2 செ.மீ. இடைவெளி இருந்தால் அது கதவுப் பரப்பில் சுமார் 1 சதவீதம். அந்த ஒரு சதவீதம் போதும், எவ்வளவு கனமான கதவானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவைச் சுற்றி ரப்பர் சீல், அடியில் தானாக இறங்கும் சீல், முடிந்தால் ஒன்று மூடியபின் மற்றொன்று திறக்கும்படி இரட்டைக் கதவு போடுங்கள். ஏசி குழாயும் வயரும் போகும் துளைகளையும் அடையுங்கள். பேஸ் ஒலிக்கும் சப்-வூஃபர் ஸ்பீக்கர்களைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, நியோப்ரீன் ரப்பர் மேல் நிறுத்துங்கள். மிக்ஸரின் முடிவில், குறித்த அளவைத் தாண்டிச் சத்தம் ஏறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் வைத்து, அதன் கடவுச்சொல்லை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்குள் மட்டுமே ஒலிபெருக்கி. மொட்டை மாடி மூடிய அரங்கு ஆகாது. உங்கள் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45. பாடல்களுக்கான உரிமத்தையும் எடுத்துவிடுங்கள்: பேண்ட் பிறர் பாடலை வாசித்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் உரிமம், இடைவேளையில் பதிவுசெய்த பாட்டு போட்டால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமம். இது நடத்துகிறவரின் பொறுப்பு, பேண்டின் தலையில் கட்டக்கூடாது.

கே: ஒரே ஒரு லார்ஜ் குடித்துவிட்டு பைக் ஓட்டலாமா?
– வாசகர், சேலம்

ப: கூடாது. 60 மி.லி. விஸ்கியில் (42.8 சதவீதம்) சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ ஆணுக்கு அது 100 மி.லி. ரத்தத்தில் 40 மி.கி.க்குச் சற்று மேல் ஏற்றும். சட்ட வரம்பு 30. இரண்டு லார்ஜ் என்றால் 80-ஐத் தாண்டும். உடம்பு மணிக்குச் சுமார் 15 மி.கி.தான் கழிக்கும், ஆக வரம்புக்குள் வரவே மூன்று நாலு மணி நேரம். காபியும் குளியலும் அதை விரைவாக்காது. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், கிட்டத்தட்ட இரண்டு லார்ஜுக்குச் சமம். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமான பாரில் கணக்கும் தவறும்: மேற்கு பிரான்சில் நடந்த ஆய்வில் இசையை 72-லிருந்து 88 டெசிபலுக்கு ஏற்றியபோது வந்தவர்கள் கூடுதலாகவும் வேகமாகவும் குடித்தார்கள். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கே: நான் குடிப்பதில்லை. கவர் சார்ஜ் கொடுத்து இசைக்காக மட்டும் போகலாமா? பில்லில் சர்வீஸ் சார்ஜும் போடுகிறார்களே?
– வாசகி, சென்னை

ப: தாராளமாகப் போகலாம். போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள்: கவர் சார்ஜை உணவிலும் குளிர்பானத்திலும் கழித்துக்கொள்ள முடியுமா, முதல் பாட்டு எத்தனை மணிக்கு. போஸ்டரில் உள்ள நேரம் பல இடங்களில் கதவு திறக்கும் நேரம்தான். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்குப் புகார் செய்யலாம். பாட்டு பிடித்திருந்தால் அந்தப் பணத்தை பேண்டின் டிப்ஸ் டப்பாவில் போடுங்கள்.