கேத்தல் கொதிக்கிற நேரம் போதும்

"வீட்டில் சேர்ந்துபோன சாமான்களை ஒரே நாளில் அள்ளி எறிய மனமும் இல்லை, நேரமும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க என்ன பழக்கம் உதவும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில்) இருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியை. 10-க்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி. வீடு அவ்வளவுதான். அதற்குள் அம்மா, நான், இரண்டு பிள்ளைகள். கொழும்பில் கடை வேலை செய்யும் வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவை வந்தால் ஐந்து பேர். பெரிய வீட்டில் தேவையில்லாத சாமான் ஒரு மூலையில் கிடந்தால் கண்ணுக்குத்தான் உறுத்தல். எங்கள் வீட்டில் அது ஒரு ஆள் படுக்கிற இடம். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியபோது மேசை போட இடம் தேடினோம். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

முதலில் நானும் ஒரே நாளில்தான் செய்துபார்த்தேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. எப்படியும் வீட்டுக்கு வெள்ளையடிக்கத்தான் வேண்டும், அதோடு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலை பத்து மணிக்குள் இஸ்தோப்பு நிறைந்து வாசலுக்கும் வந்துவிட்டது: பால்மா டின், ஜாம் போத்தல், ஐஸ்கிரீம் பெட்டி, கம்பி ஒடிந்த குடைகள், பிள்ளைகளின் பழைய கொப்பிகள், கோதுமை மா சாக்குகள், கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை, யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த தட்டுகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது அம்மா ஒரு கதை சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. ஐப்பசி மழையைப் பற்றி மலைநாட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப உள்ளே திணித்தோம், இந்தத் தடவை ஈரத்தோடு. இரண்டு கிழமைக்கு வீடு முழுக்கப் பூஞ்சண வாடை.

அன்று இரவு அம்மா சொன்னது: "நீ கவ்வாத்து வெட்டப் பாத்த புள்ள. மரத்த ஒரே வெட்டா வெட்டிப்புட்டா மூணு நாலு மாசத்துக்குக் கொழுந்து கெடையாது. வீட்டுக்கு அது ஆகாது. கொழுந்து எடுக்கிற மாதிரி எடு."

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தேயிலையைச் சும்மா விட்டால் அது பெரிய மரமாகவே வளர்ந்துவிடும். ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை விரல் நுனியால் கிள்ளிக்கொண்டே இருப்பதால்தான் இடுப்பளவில் நிற்கிறது. கவ்வாத்து என்பது நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற காரியம். நான் தலைகீழாக, கொழுந்தே எடுக்காமல் கவ்வாத்துக்குக் காத்திருந்திருக்கிறேன்.

அதிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம் இதுதான். காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்ததும், அது கொதிப்பதற்குள் வீட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்து இஸ்தோப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றே ஒன்று. மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி விறகு) காய்ந்திருந்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும், நனைந்திருந்தால் கால் மணித்தியாலம். ஊதிக்கொண்டே யோசிக்கலாம். கொதித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஆசை வந்தாலும் இரண்டாவதை எடுக்க மாட்டேன். இந்த இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு நான்காகி, அலுமாரியே வெளியே வந்து, மழையும் வந்துவிடும்.

முதல் கிழமையில் எடுத்தவை ஞாபகம் இருக்கின்றன. மூடியில்லாத சாப்பாட்டுப் பெட்டி. மூன்று வருடத்துக்கு முந்திய கலண்டர், சாமி படத்துக்காக வைத்திருந்தது. மகன் இரண்டாம் ஆண்டில் போட்ட சப்பாத்து. மூடி இறுகித் திறக்கவே முடியாத ஊறுகாய்ப் போத்தல். காதறுந்த கோப்பை. எதற்கும் மனம் வலிக்கவில்லை. முதல் மாதம் முழுக்க அப்படித்தான் இருக்க வேண்டும். மனம் வலிக்கும் சாமானில் கை வைத்தால் மூன்றாம் நாளே பழக்கம் விட்டுப்போகும். இன்னொன்று, என்னுடையதையும் கேட்டுவிட்டு எடுத்ததையும் தவிர வேறெதிலும் கை வைக்கவில்லை. மற்றவர் சாமானைக் கேட்காமல் எடுத்தால் அது சுத்தம் ஆகாது, சண்டைதான் ஆகும். பிள்ளைகளுக்கும் இதே மரியாதை. மகனின் உடைந்த கார் எனக்குக் குப்பை, அவனுக்குச் சொத்து.

இஸ்தோப்பில் ஆணியடித்து மூன்று பை தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவருக்கு. ஒன்று யாருக்காவது கொடுக்க. பிள்ளைகளின் உடுப்பு, கொப்பியில் மிச்சமிருக்கும் வெற்றுத்தாள், ஒற்றை ஒற்றையாக இருக்கும் தட்டு எல்லாம் அதில். முன்பள்ளியில் எதுவும் வீண்போகாது. ஐஸ்கிரீம் பெட்டியில் விதை போட்டு முளைக்கவைக்கிறோம், போத்தல் மூடியில் எண்ணப் பழகுகிறோம். (வீட்டைக் காலி செய்து முன்பள்ளியை நிரப்பிவிட்டேன் என்று எங்கள் உதவியாளர் கேலி செய்வார். அது முற்றிலும் பொய்யில்லை.) மூன்றாவது பை குப்பை. எங்கள் லயத்துக்குக் குப்பை டிராக்டர் வராது. எரித்தால் பிளாஸ்டிக் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும். பின்னால் வீசினால் கானை அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் குசினிக்குள் வரும். யோகட் கப்பில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டில். ஆகவே டவுனுக்குப் போகும்போது சுமந்துகொண்டு போகிறேன்.

சுமக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று விளங்கியது. எங்கள் வீட்டில் சாமான் சேர்வது இரண்டே வழியில். ஒன்று கடை, மற்றது பஸ். கடையில் கொடுக்கும் பையை வேண்டாம் என்று சொல்லப் பழகினேன். கைப்பைக்குள் மடித்த துணிப்பை எப்போதும் இருக்கிறது. பஸ் வழிதான் கஷ்டம். வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வெறுங்கையோடு வரமாட்டார். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், எனக்குப் பிளாஸ்டிக் பூ, வீட்டுக்குச் சுவர் மணிக்கூடு. ஒரு காம்பராவில் மூன்று மணிக்கூடு, மூன்றிலும் மூன்று நேரம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். தூரத்தில் கிடந்து உழைப்பவர் தன் அன்பை வேறு எப்படித்தான் தூக்கிக்கொண்டு வருவார்?

ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் மெதுவாகச் சொன்னேன்: "ஏங்க, அடுத்த தடவ சாப்பிட்டு முடிக்கிற சாமானா வாங்கிட்டு வாங்களேன். அன்னாசி, ரம்புட்டான், கருவாடு..." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மணிக்கூடு புடிக்கலன்னு சொல்லு" என்றார். பிடிக்கும் என்றுதான் சொன்னேன். அதில் ஒன்றை இப்போதும் சுவரில் வைத்திருக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் ரம்புட்டான் வந்தது.

துணி விஷயத்தில் மலைநாட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை துவைத்தது காயாது. அதனாலேயே ஆளுக்கு இரண்டு மூன்று செட் கூடுதலாக வேண்டும். "ஆளுக்கு இத்தனை உடுப்புப் போதும்" என்று வெயில் ஊர்க்காரர் சொல்லும் எண்ணிக்கையை இங்கே கொண்டுவராதீர்கள். அதே நேரம், அலுமாரியை நெருக்கி அடைத்தால் உள்ளே காற்று ஓடாது. குளிர்ந்த சுவரில் ஈரம் ஒட்டும், அதை ஒட்டியிருக்கும் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டேன். கை நுழையவில்லை என்றால் அந்தத் தட்டிலிருந்து ஒன்று வெளியே வரவேண்டும். போன மழைக்கு ஒரு ஸ்வெட்டர்கூடப் பழுதாகவில்லை.

இனிக் கடதாசி. இங்கே நான் ஒரு பெரிய பிழை செய்தேன், அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

அப்பாயியின் (அப்பாவின் அம்மா) தகர டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. உள்ளே ஒரு முழம் உயரத்துக்குக் கடதாசி: சம்பளத் துண்டுகள், தோட்ட ஆபீஸ் கடிதங்கள், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அடித்த நோட்டீஸ்கள், இந்தியாவில் கூடலூரிலிருந்து அவருடைய தம்பி எழுதிய நீலக் கடிதங்கள். பாதியைப் பூச்சி தின்றிருந்தது. கேத்தல் பழக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த உற்சாகத்தில், தினமும் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்புக்கு வைத்தேன். நன்றாகவும் எரிந்தது.

அடுத்த வருடம் அம்மா வேலையை நிறுத்திச் ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு எழுதிப்போட்டபோது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) வேறு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று முந்தி ஆபீஸில் எழுதிக் கொடுத்த கடிதம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று அம்மா சொன்னார். நான் பதில் பேசவில்லை. அதன் பிறகு கிராம சேவகர், சமாதான நீதவான், சத்தியக் கடதாசி, பஸ், வரிசை என்று எட்டு மாதம் அலைந்தோம். அம்மா ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாயி ஏன் எதையும் எறியவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியில் பிறந்த எங்கள் ஆட்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாயியின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார், அப்பாயி இங்கேயே நின்றுவிட்டார். நாடற்று மிஞ்சியவர்களின் பிரச்சினைக்கு 2003-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு துண்டுக் கடதாசி இருப்பதும் இல்லாததும் ஒருவருடைய ஊரையே மாற்றிய காலத்தில் வாழ்ந்தவருக்குப் பழைய சம்பளத் துண்டு குப்பையில்லை. "தேவைப்படும், வச்சிரு" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஆகவே கடதாசிக்கு மட்டும் என் விதி வேறு. அது கேத்தல் நேரத்து வேலையில்லை. ஞாயிறு மத்தியானம் அரை மணித்தியாலம், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தாள். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், குடியுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசிகள், பேங்க் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பெயரோ திகதியோ உள்ள எந்த ஆபீஸ் கடிதமும் என்றால் வைக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுகிறேன். கடை பில்லில் எழுத்து சில மாதத்தில் தானாக மங்கிவிடும், உத்தரவாதம் உள்ளதென்றால் வாங்கிய அன்றே படம் எடுங்கள். பழைய கரண்ட் பில், லொத்தர் சீட்டு, முடிந்துபோன அழைப்பிதழ் எல்லாம் போகலாம். கூடலூர்க் கடிதங்களில் தப்பியது நாலு. அவை எந்த ஆபீஸுக்கும் தேவையில்லை. ஆனால் போகாது.

முக்கியமானவை எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வெளியேறலாம். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நேரத்தில் பத்துப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது. லயத்தில் தீப்பிடித்தாலும் அப்படித்தான், ஒரு வீட்டோடு நிற்காது. சாமான் குறைந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி மேசைக்கு இடம் வந்தது அல்ல, எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிவதுதான்.

தீர்மானிக்க முடியாத சாமானுக்கு ஒரு மா சாக்கு வைத்திருக்கிறேன். போட்டுக் கட்டி, மேலே திகதி எழுதிப் பரணில் ஏற்றிவிடுவேன். அடுத்த தீபாவளிக்குள் யாராவது அதிலிருந்து ஒன்றைக் கேட்டால் அது திரும்ப வீட்டுக்குள் வரும். கேட்காவிட்டால் சாக்கைப் பிரித்துப் பார்க்காமலே கொடுத்துவிட வேண்டும். பிரித்தீர்களோ, முடிந்தது கதை.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. நடுவில் மகனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் பழக்கம் விட்டுப்போனது. எதையும் ஈடுகட்ட முயலாமல் அடுத்த காலை ஒன்றிலிருந்து தொடங்கினேன். வீடு இப்போதும் காலியில்லை. அம்மாவின் கொழுந்துக் கூடையும், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கும் ஆணியில் தொங்குகின்றன, அவற்றைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. ஆனால் மகளின் மேசை ஜன்னலோரம் இருக்கிறது.

போன கிழமை கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா தானாகவே கட்டிலுக்கடியில் கையை விட்டு, கம்பி ஒடிந்த குடை ஒன்றை எடுத்து நீட்டினார். சந்தோஷத்தோடு வாங்கி இரும்புப் பையில் போட்டேன். சாயங்காலம் முன்பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் பையில் குடை இல்லை. பின்பக்கம் போனேன். துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, கம்பிகளை மட்டும் விரித்து நட்டு, அவரைக்கொடியை அதில் ஏற்றிவிட்டிருந்தார்.