வலிக்க வலிக்க அமுக்கினால்தான் மசாஜா?

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் வேலை. தோளும் கழுத்தும் இறுகிப் போய்விட்டன. ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், ஷியாட்சு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு எது சரிவரும்?

பதில்: முதல்முறை என்றால் ஸ்வீடிஷ். எண்ணெய் தடவி நீளமாக நீவுவது, பிசைவது, அழுத்தித் தேய்ப்பது, தட்டுவது, அதிர வைப்பது என்று ஐந்தும் மாறி மாறி வரும், உடம்பு தளர்ந்து நன்றாகத் தூக்கம் வரும். டீப் டிஷ்யூ என்பது முழங்கையாலும் விரல் முட்டிகளாலும் மெதுவாக, ஆழமாக அழுத்துவது. ஒரே இடத்தில் பல நாளாக இறுக்கம் இருந்தால் உதவும், ஆனால் மறுநாள் கொஞ்சம் வலிக்கும். தாய்லாந்தின் தாய் மசாஜ், ஜப்பானின் ஷியாட்சு இரண்டுக்கும் எண்ணெய் கிடையாது, உடையோடு தரையில் படுக்கச் சொல்வார்கள். ஷியாட்சுவில் பெரும்பாலும் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் அழுத்தம்தான். தாய் மசாஜில் கை காலை இழுத்து, மடக்கி, வளைப்பார்கள். 2019-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கலை அது, உடம்பு விறைத்துப் போனவர்களுக்கு நல்லது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

எதைச் செய்தாலும் நிம்மதி சில நாட்களுக்குத்தான். நாற்காலியும் திரையின் உயரமும் அப்படியே இருந்தால் வலி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: வலி பொறுத்துக்கொண்டால்தான் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் என்கிறார் மசாஜ் செய்பவர். உண்மையா?

பதில்: இல்லை. கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம் என்பதும் கதைதான், ஒரு மணி நேரம் போல ஆனால் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். தாங்க முடியாத அளவுக்கு அழுத்தினால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகும். மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் அழுத்தம் அதிகம், தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பது நீங்கள்தானே!

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு கை வீங்குகிறது. எண்ணெய் போட்டு உருவி விடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை (திசுக்களிலிருந்து வடியும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்திருந்தால் நீர் வடிய வழியில்லாமல் கை வீங்குவது உண்டு. அதற்கு, 1930-களில் எமில் வோடர் என்பவர் உருவாக்கிய நிணநீர் வடிப்பு மசாஜ் இருக்கிறது. தோலை மட்டும் மெல்ல நகர்த்துவார்கள், பார்த்தால் 'இது மசாஜா?' என்றுகூடத் தோன்றும். நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் அந்த லேசான தொடுகைதான் வேலை செய்கிறது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியது இது. பெரும்பாலும் கை முழுக்க இறுக்கமான உறையோ கட்டோ கூடவே போடச் சொல்வார்கள். கை சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் வந்தால் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பாதத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு புள்ளி உண்டாமே?

பதில்: அதற்குச் சான்று இல்லை. பாத மசாஜ் சுகமாக இருக்கும், செய்துகொள்ளுங்கள். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு 'உங்களுக்குக் கிட்னியில் கோளாறு' என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: யாரெல்லாம் மசாஜ் செய்யக் கூடாது?

பதில்: ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அங்கே கை வைக்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. காய்ச்சல், தோல் தொற்று, எலும்பு முறிவு இருந்தாலும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ளவர்களும் ஆழமான அழுத்தத்தைத் தவிர்க்கட்டும். அப்புறம், கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வந்திருக்கிறது.

கேள்வி: மசாஜ் செய்தால் தொப்பை குறையுமா?

பதில்: குறையாது. செய்து விடுபவருக்கு வேண்டுமானால் கொஞ்சம் குறையலாம்.