காலும் பாலும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, ரப்பர் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். போனில் "கால் எப்பிடி இருக்கும்மா?" என்று கேட்டால், "பால் எடுக்கல்ல மக்கா, மழையில்லா" என்கிறார். மூன்று தடவை கத்திச் சொன்னால், "எதுக்கு இப்பிடி சத்தம் போடுத, காது வலிக்கி" என்று கோபப்படுகிறார். கேட்கவில்லை என்பதும் அவர்தான், கத்தாதே என்பதும் அவர்தான். வேண்டாத பேச்சுக்குக் கேட்காததுபோல் நடிக்கிறார் என்கிறாள் தங்கை. ஏஐ சத்தநீக்கம் உள்ள போன்கள் வந்திருக்கின்றனவே, எதை வாங்கலாம்? போன் கதிர்வீச்சால் காது போகுமா?

ர., ஷார்ஜா

அன்புள்ள தம்பி,

கதிர்வீச்சுக் கதையை விட்டுத்தள்ளுங்கள். போன் விஷயம் அப்புறம். உங்கள் கடிதத்தில் "நடிக்கிறார்" என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவைப் பற்றி வீட்டில் வருடக்கணக்காகச் சொன்ன சொல் அது. கொஞ்ச நாளாகவே அவர் நினைவாக இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சாதாரண தொலைபேசி அழைப்பில் நம் குரல் முழுதாகப் போவதில்லை. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் ஹெர்ட்ஸ்) உள்ள பகுதி மட்டும்தான் போகிறது. ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக்குகிறார்கள். அப்படி அளந்தால் 4,000-க்கு மேல் உள்ள எதையும் பிடித்துவைக்க முடியாது. 1972-ல் வந்த ஜி.711 என்ற தொலைபேசித் தரம் இந்தக் கணக்கில் அமைந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆணின் குரலின் அடிநாதம் 100, 120 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். அது போனில் போவதே இல்லை, மேலே உள்ள அதன் மடங்குகளைக் கேட்டு மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால் நீங்கள் "அம்மா" என்றதுமே அவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். உயிரொலிகளும் தப்பிவிடும்.

அடிபடுவது மெய்யொலிகள். "ஸ" போன்ற உரசும் ஒலியின் பலமெல்லாம் 4,000-க்கு மேலே இருக்கிறது. க, த, ப கண நேரம் வெடித்து மறைபவை. வெடித்தது உதட்டிலா, பல்லிலா, அண்ணத்திலா என்று காட்டும் அடையாளத்தில் பெரும்பங்கு மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. 1955-ல் ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா நைஸ்லி என்ற ஆய்வாளர்கள் 16 ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலோடும், அதிர்வெண்களை வடிகட்டியும் ஆட்களுக்குக் கேட்கவைத்தார்கள். மேல் பகுதியை வெட்டியதும் ப, த, க மூன்றும் ஒன்றுக்கொன்று மாறிக் கேட்டன. மூக்கொலியா இல்லையா என்பது மட்டும் நன்றாகவே தெரிந்தது. உங்கள் அம்மா "கால்" என்பதைப் "பால்" என்று கேட்டார், "மால்" என்று கேட்கவில்லை, பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்ததேதான் குலசேகரத்திலும் நடக்கிறது. மழையில் ரப்பர் பால் எடுக்க முடியாத கவலையில் இருப்பவர், பாதி கேட்ட சொல்லை அந்தக் கவலையை வைத்துத்தான் நிரப்புவார். இதில் நடிப்பு எங்கே வந்தது?

வயதானால் மேல் அதிர்வெண்கள்தான் முதலில் கேட்காமல் போகும். போன் வெட்டியது போக மிச்சத்தில் அவர் காது இன்னும் கொஞ்சம் வெட்டுகிறது. நேரில் என்றால் உங்கள் உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்.

சரி, கத்துவதற்கு வருகிறேன். தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தும்போது பெரிதாவது உயிரொலி. "கால்" என்று கத்தினால் "ஆ" வளரும், "க்" அப்படியேதான் இருக்கும். அம்மாவுக்குத் தேவை அந்த "க்". உங்கள் போனோ சத்தத்தைத் தானாகவே சமப்படுத்தும். நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே போய்ச் சேரும் அளவு பெரிதாக மாறாது. மைக் தாங்காவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் பேச்சு கரகரக்கும். செல்போன்கள் குரலை அப்படியே அனுப்புவதும் இல்லை. 20 மில்லி நொடித் துண்டுகளாக எடுத்து, வாயும் தொண்டையும் அப்போது எந்த வடிவில் இருந்தன என்ற விவரத்தைத்தான் முக்கியமாக அனுப்புகின்றன. பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடலும் 1985-ல் வெளியிட்ட முறையின் வழியில் வந்தவை, குரலைச் சுருக்கி அனுப்பும் இன்றைய பல கோடெக்குகள். உச்சி வெட்டுப்பட்ட கத்தல் எந்த வாயின் வடிவத்துக்கும் பொருந்தாது. அது அங்கே இன்னும் கெட்டுத்தான் ஒலிக்கும்.

கேட்கவில்லை என்பவரே கத்தாதே என்கிறாரே என்று உங்களுக்குக் குழப்பம். உள்காது தளர்ந்தவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் கொஞ்சம் கூட்டினாலே சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். இரண்டும் ஒரே காதில் நடக்கும். உங்கள் அம்மா சொன்னது இரண்டும் உண்மை. உண்மையைச் சொன்ன மனுஷியை அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து பொய்க்காரி ஆக்கியிருக்கிறீர்கள்.

எங்கள் பெரியப்பா பஹ்ரைனில் இருந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு பூத்தில் பெரியம்மா பேசப் போவார், சிறுமியான நானும் கூடப் போவேன். அழைப்பு செயற்கைக்கோள் வழியாக வரும். மேலே 36,000 கிலோமீட்டர் போய் இறங்கவே கால் நொடி ஆகிவிடும். பல நாள் பெரியம்மாவின் குரலே அரை நொடி கழித்து அவர் காதுக்குத் திரும்பி வரும். பெரியப்பா தன்னைப் போலப் பேசிக் காட்டிக் கேலி செய்வதாக நினைத்துப் பெரியம்மா பாதியில் நிறுத்திவிடுவார். அந்த எதிரொலியைக் கணித்துக் கழிக்கும் முறையை பெல் ஆய்வகத்தின் மன்மோகன் சோந்தி 1967-லேயே எழுதிவிட்டார். எங்கள் பூத் வரை அது ஒழுங்காக வந்து சேரத்தான் காலமானது.

எதிரொலி நின்ற பிறகும் பெரியம்மாவுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் பெரியப்பா பேசிப் பதிந்து ஆள் வசம் அனுப்பும் காசெட்டை டேப் ரெக்கார்டரில் போட்டால் ஒரு சொல் விடாமல் கேட்பார். "காசெட்டு கேக்குமாம், போன் கேக்காதாம்" என்று வீடே பேசியது. காசெட்டில் 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் ஒலி இருந்தது, போனில் இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது பெரியம்மா இல்லை.

ஆகவே நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். அதில் 3,400-க்கு மேலும் ஒலி இருக்கும், அவர் திரும்பவும் போட்டுக் கேட்கலாம். அழைக்கும்போது "கால்" என்று மொட்டையாகக் கேட்காமல், "முட்டு வலி குறைஞ்சுதா, நடக்க முடியுதா" என்று கேளுங்கள். ஒரு சொல் போனாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். வாய் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நிதானமாகப் பேசுங்கள். போன், வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி) உள்ள எதுவாகவும் இருக்கலாம். 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும் எச்டி வாய்ஸ் வேண்டுமானால் இரு முனையிலும் நடுவில் உள்ள நெட்வொர்க்கிலும் அந்த வசதி வேண்டும். சத்தநீக்கத்தை நம்பி ரொம்பப் பணம் போடாதீர்கள். "ஸ"வும் இரைச்சல் மாதிரியான ஒலிதான், சில நேரம் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, தங்கையிடம் சொல்லி அம்மாவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஆடியோகிராம் என்ற கேள்திறன் சோதனை எடுத்தால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறை என்பது தாளில் வந்துவிடும். தங்கை அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காதுக் கருவி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், போனோடு இணையும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு காதுக்கும் எழுதிக் கொடுத்தால், ஒன்று போதும் என்று பேரம் பேசாதீர்கள்.