பிளேட்லெட் 34: அலகு குத்தலாமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

கேள்வி: மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார். மகனுக்கு வயது 29. ஐந்து மாதத்துக்கு முன்பு ‘ஐடிபி’, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைகிற நோய், என்று சொன்னார்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து ஆறு வாரத்துக்கு முன்பு நிறுத்தியாயிற்று. இப்போது பிளேட்லெட் 34. கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள், பல் துலக்கினால் ஈறில் லேசாக இரத்தம். மருந்து எதுவும் தராமல் ‘அடுத்த மாதம் வா’ என்று அனுப்பிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். தெரிந்த ஒருவரோ, சென்னையில் மண்ணீரலை எடுத்தால் அடியோடு குணமாகும், பாதிப் பணத்தை இப்போதே கட்டுங்கள் என்கிறார்.

பதில்: அலகு வேண்டாம், அம்மா. காவடி எடுக்கட்டும், பால் சொம்பு ஏந்தட்டும், நடக்கட்டும். வேலும் ஊசியும் மட்டும் வேண்டாம். சென்னை ஏற்பாட்டுக்காரருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 34. ‘34தான் மிச்சம்’ என்று வீட்டில் எல்லோரும் கலங்கியிருப்பீர்கள். அது 34 ஆயிரம். நம் ஊர் ரிப்போர்ட்டில் ஆயிரத்தை விட்டு எழுதுவார்கள். சென்னை ரிப்போர்ட்டில் முழுதாகவோ இலட்சக் கணக்கிலோ இருக்கும். சாதாரண அளவு 150 முதல் 400 வரை, அதாவது ஒன்றரை முதல் நான்கு இலட்சம். ஐடிபியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டைப் பகையாளி என்று நினைத்து அடையாளம் போட்டுவிடுகிறது. அடையாளம் போட்டதை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எட்டுப் பத்து நாள் வாழ வேண்டியது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடுகிறது.

மருந்து தராமல் அனுப்பியது அலட்சியம் இல்லை. பெரியவர்களுக்கு 30 ஆயிரத்துக்கு மேல் இருந்து, இரத்தக் கசிவும் லேசாகவே இருந்தால், கண்காணிப்பதுதான் இன்றைய முறை. எண்ணைத் தூக்கிக் காட்டுவதற்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் இதை உங்களிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டாமா? ஒவ்வொரு முறையும் புது டாக்டர், அட்டையில் கோழிக் கிறுக்கலாக ஒரு வரி, தனியார் லேப் ரிப்போர்ட் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஃபைல் இன்னொரு பக்கம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தேதி, எண்ணிக்கை, சாப்பிட்ட மருந்து, இரத்தம் வந்த இடம் என்று நீங்களே எழுதி வையுங்கள். ஃபைல் தொலைந்தாலும் நோட்டு இருக்கும்.

இப்போது அலகு. வேல் நாக்கில் இருக்கும்வரை ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். ஊர்வலத்தில் ஒன்றும் தெரியாது. கோயிலில் வந்து உருவும்போதுதான் தொல்லை. கையில் காயம் என்றால் துணி வைத்து அழுத்தலாம். நாக்கை எப்படி அழுத்துவது? உள்ளே இரத்தம் கட்டி நாக்கு வீங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். விபூதி வைத்தால் நிற்கும் என்பது பிளேட்லெட் சரியாக இருக்கிறவர்கள் கதை. முதுகில் தொங்கவிடும் கொக்கிகளும் ஆணிச் செருப்பும் இதே கணக்குத்தான். ‘முதல் நாள் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டு குத்தலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏற்றியதையும் அதே எதிர்ப்புச் சக்தி சில மணி நேரத்தில் தின்றுவிடும். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்குக்குத்தான் அது. வேண்டுதலை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைக் கோயில் குருக்களிடம் கேளுங்கள். அலகில்லாத காவடியும் முருகனுக்குக் காவடிதான்.

மண்ணீரல் விஷயம். அறுவை சிகிச்சைக்குப் பின் நீண்ட நாள் நன்றாக இருப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குபோல. மீதிப் பேருக்கு மண்ணீரலும் போய், நோயும் திரும்பி வந்திருக்கும். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான வழி இல்லை. அதனால்தான் நோய் தெரிந்து குறைந்தது ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்கிறோம். அதற்குள் சிலருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறி நிற்கும். உங்கள் மகனுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. எடுப்பதாக முடிவானாலும் இரண்டு வாரத்துக்கு முன்பே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் என்ற கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் போட வேண்டும். அதன் பிறகு ஆயுசு முழுக்க, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதில் ஒரு வார்த்தையாவது அந்தப் பிரமுகர் சொன்னாரா? அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த டாக்டர், அவர் இரத்தநோய் நிபுணரா? எஸ்டிமேட் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் வருமா? பணத்தை நேரே ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டலாமா? மூன்றாவதில் பேச்சு மாறும். விமான டிக்கெட், லாட்ஜ், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, முழு உடம்பு ஸ்கேன் என்று கட்டுக் கட்டாகச் சேர்ப்பது கமிஷனுக்காக. இந்த வயதில், மற்ற இரத்த அணுக்கள் சரியாக இருந்தால், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பெரும்பாலும் தேவையே இல்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, வயிற்றுக் கிருமி ஹெலிகோபாக்டர், இவை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எல்லாம் சாதாரணப் பரிசோதனைகள். பப்பாளி இலைச் சாறு, காப்ஸ்யூல் விற்பவர்களும் இதே ரகம். அந்தச் சின்னச் சின்ன ஆய்வுகள் டெங்குவில் நடந்தவை. ஐடிபி வேறு நோய்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மகனுக்குப் புள்ளிகள் இருப்பதால் அவருக்குப் பொருந்தாது; ஆனால் புள்ளியே இல்லாமல், இரத்தமே வராமல், லேப் காகிதத்தில் மட்டும் பிளேட்லெட் குறைந்தவர்கள் இதைப் படிக்கட்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கும். சிலரின் இரத்தத்தில் அது பிளேட்லெட்டுகளைத் திராட்சைக் கொத்துபோல ஒட்டவைத்துவிடும். மெஷினுக்குக் கொத்து தெரியாது; தனித்தனியாக இருப்பதை மட்டும் எண்ணி ‘40’ என்று அச்சடித்துவிடும். உடம்பில் நோயே இருக்காது. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு தேய்த்து (இதுதான் ஸ்மியர்) மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் கொத்து தெரியும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் உண்டு. ‘ஸ்மியர் பார்த்தீர்களா?’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அன்றாடத்தில் பெரிய சட்டதிட்டம் இல்லை. வேலைக்குப் போகலாம். கால்பந்து, மோட்டார் சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம். மிருதுவான பிரஷ், எலக்ட்ரிக் ஷேவர். வலிக்கும் காய்ச்சலுக்கும் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும்: 500 மில்லிகிராமில் ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். புரூஃபென், வோல்டரன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. ஒரு ஆஸ்பிரின், இருக்கிற கொஞ்ச பிளேட்லெட்டையும் அதன் ஆயுள் முழுக்க முடக்கிவிடும். சளி மருந்துப் பாக்கெட்டுகளில் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். முதுகுவலி என்று போனால் இடுப்பில் ஊசி போட வருவார்கள். ‘தசையில் ஊசி வேண்டாம்’ என்று சொல்லுங்கள், உள்ளே இரத்தம் கட்டும். டோனிக் வாட்டர் என்ற கசப்புச் சோடாவையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள குயினின் சிலருக்கு பிளேட்லெட்டைத் தானே வீழ்த்தும்.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். இடையில் விட்டு விட்டுப் பார்த்தால் நிற்காது. ஈறில் தொடர்ந்து கசிந்தால், இரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைத் தானாகச் சாப்பிடக் கூடாது, முக்கியமாகச் சிறுநீரில் இரத்தம் இருந்தால்; இரத்தம் உறைந்து சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொள்ளும்.

தைப்பூசம் வரும் மாதங்கள் இங்கே மழையும் கொசுவும். காய்ச்சல் வந்தால் ஐடிபி என்றே விட்டுவிடாமல் டெங்குப் பரிசோதனையும் கேளுங்கள்.

வாய்க்குள் கருஞ்சிவப்புக் கொப்புளம், கறுப்பு மலம், தலையில் அடி, வழக்கமில்லாத கடும் தலைவலி, நிற்காத இரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தால் நோட்டையும் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு, இல்லையேல் சாமு ஆம்புலன்ஸுக்கு 114. உள்ளே நுழைந்ததுமே ‘ஐடிபி, பிளேட்லெட் 34 ஆயிரம்’ என்று உரக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஜுரக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்து விடுவார்கள்.